கண்ணாடியில் ஒட்டிய டேப்

ஜனவரி 9

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். இங்கே நான், உன் மாமா, பெண் மூவரும் உடம்புக்குக் குறைவில்லாமல் இருக்கிறோம். மாமாவுக்கு மட்டும் தோள்பட்டை வலி. பூட்டுக் கடையில் நாளெல்லாம் குனிந்து சாவியை ராவிக்கொண்டிருந்தால் வேறென்ன வரும்? அங்கே நீயும் உன் மனைவி பிள்ளைகளும் எப்படி இருக்கிறீர்கள்? போனில் பேசினால் இரண்டே நிமிடத்தில் இருவரும் கத்த ஆரம்பித்துவிடுகிறோம், இனி எதுவானாலும் கடிதம்தான் என்று போன மாதம் நீ சட்டம் போட்டாயே, அதன்படி இது முதல் கடிதம். தாளில் கத்த முடியாது என்று நினைத்திருப்பாய். படித்துப் பார்.

விஷயம் இதுதான். எங்கள் கல் குவாரியில் எடை மேடைக்கு மெஷின் வைக்கப் போகிறார்கள். லாரி ஏறி நின்றால் அதுவே எடை பார்த்து அதுவே சீட்டுக் கொடுக்குமாம். பன்னிரண்டு வருஷமாக அந்த அறையில் உட்கார்ந்து சீட்டு எழுதிய நான் ஆகஸ்டோடு வீட்டைப் பார்க்கப் போகவேண்டியதுதான். மேனேஜரிடம், "எனக்கு வேற என்ன வேலை சார்?" என்று கேட்டேன். சிரித்துக்கொண்டே, "ஜூன்ல மூணு புது லாரி வருதும்மா. ஓட்ட ஆள் வேணும். பெரிய வண்டி லைசென்ஸ் எடுத்துட்டு வாங்க, ஒண்ணு உங்களுக்கு" என்றார். விளையாட்டுக்குத்தான் சொன்னார். "எழுதிக் குடுங்க சார்" என்றேன். சிரிப்பு நின்றுவிட்டது. ஆனாலும் எழுதிக் கொடுத்துவிட்டார்.

சின்ன வண்டி லைசென்ஸ் எனக்கு எட்டு வருஷமாக இருக்கிறது, உனக்கே தெரியும். பெரிய வண்டிக்கு ஒரு டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்து, முப்பது வகுப்பு முடித்ததாக அவர்கள் சான்று கொடுத்தால்தான் லைசென்ஸ் ஆபீஸில் டெஸ்டுக்கே விடுவார்கள். எந்த ஸ்கூல் என்பதுதான் இப்போது கேள்வி. நேற்று மார்க்கெட் பக்கத்து ஸ்கூலுக்குப் போனேன். முதலாளி என்னை மேலும் கீழும் பார்த்தான். "யாருக்கு? வீட்டுக்காரருக்கா?" எனக்குத்தான் என்றேன். "அப்போ அவரைக் கூட்டிட்டு வாங்க, பேசிக்கலாம்." உன் மாமாவுக்குச் சைக்கிள்கூட ஓட்ட வராது. அவரைக் கூட்டிப் போய் இவனோடு எதைப் பேச வைப்பது? அங்கே கிடந்த இரும்பு நாற்காலியை நாலு பேருக்குக் கேட்கிற மாதிரி தள்ளிவிட்டு வந்துவிட்டேன்.

பதினாலு வருஷமாகப் பெரிய வண்டி ஓட்டுகிறவன் நீ. எதில் சேரலாம் என்று சொல். இப்போது எந்த ரூட்டில் போகிறாய் என்பதையும் எழுது. மாமா உன்னை விசாரித்தார்.

அன்புடன்,
அக்கா


ஜனவரி 27

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பியின் வணக்கம். இங்கே எல்லோரும் சுகம். சின்னவனுக்கு மட்டும் இருமல் இருந்தது, இப்போது தேவலை. மாமாவின் தோளுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு.

ரயில்வே கேட் பக்கத்தில் மஞ்சள் போர்டு வைத்த ஸ்கூல் ஒன்று இருக்கிறதல்லவா, அதில் சேர். நான் எடுத்ததும் அங்கேதான். மரியாதையாகப் பேசுவார்கள். அலைச்சல் கிடையாது. அங்கே சேர்ந்து டெஸ்டில் ஃபெயில் ஆனவர்கள் யாரும் இல்லை. பைபாஸ் ரோட்டு ஸ்கூலுக்கு மட்டும் போகாதே. ஒரு வேலையை மாதக்கணக்கில் இழுப்பார்கள் என்று கேள்வி. ஜூனுக்குள் உனக்கு ஆகாது.

நான் இப்போது துறைமுக யார்டிலேயே இருக்கிறேன். வேலை நெருக்கடி. அதனால்தான் பதில் எழுதத் தாமதம். மாமாவுக்கு வணக்கம் சொல்.

உன் தம்பி


பிப்ரவரி 10

அன்புத் தம்பிக்கு,

இங்கே யாவரும் நலம். சின்னவன் இருமல் முழுதும் நின்றதா? உன் கடிதம் தந்தி மாதிரி இருந்தது. எழுத்துக்கு இவ்வளவு என்று யாராவது உன்னிடம் வசூல் பண்ணுகிறார்களா?

நீ போகாதே என்றால் நான் போவேன் என்று உனக்குத் தெரியாதா? பைபாஸ் ஸ்கூலுக்கும் போய்ப் பார்த்தேன். நடத்துகிறவள் என்னைவிடப் பத்து வயது சின்னவள். முழங்கை வரை கிரீஸ். லாரிக்கு அடியிலிருந்து தலையை மட்டும் நீட்டி, "நாலு மாசம் ஆகும்" என்றாள். ஏன் என்று கேட்டேன். "நாலு மாசம் ஆகுது, அதனால." எனக்கு ஜூனுக்குள் வேண்டும் என்றேன். "அப்போ வேற எடம் பாருங்க" என்று சொல்லித் தலையை உள்ளே இழுத்துக்கொண்டாள். வந்தவர்களை உட்கார் என்று சொல்லக்கூடத் தெரியாத திமிர். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு, வெளியே நீட்டிக்கொண்டிருந்த அவள் செருப்பை எடுத்துத் தூரப் போட்டிருப்பேன்.

அதன் பிறகு உன் மஞ்சள் போர்டுக்குப் போனேன். ஃபேனைப் போட்டார்கள், தண்ணீர் கொடுத்தார்கள், "அக்கா அக்கா" என்று வாய் ஓயாமல் கூப்பிட்டார்கள். வீட்டுக்காரர் எங்கே என்று ஒருவரும் கேட்கவில்லை. "நீங்க கவலையே படாதீங்க. ஏப்ரல்ல டெஸ்ட், மே மாசம் லைசென்ஸ் உங்க வீடு தேடி வரும்" என்றார் மாஸ்டர். சேர்ந்துவிட்டேன். உனக்கு ஒரு நன்றி, வாங்கிக்கொள்.

ரூட் எது என்று கேட்டிருந்தேன், நீ சொல்லவில்லை. டிரைவர் யார்டில் உட்கார்ந்து என்ன செய்கிறான்?

அன்புடன்,
அக்கா


பிப்ரவரி 24

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லோரும் சுகம். இருமல் நின்றுவிட்டது. நீ சேர்ந்ததில் சந்தோஷம்.

ரிவர்ஸ் எடுக்க விட்டார்களா? மாஸ்டர் பக்கத்தில் உட்கார்ந்து சொல்கிறாரா, கீழே நின்று சொல்கிறாரா? இப்போது பழைய மாஸ்டர் இல்லை என்று நினைக்கிறேன், புது ஆளாக இருந்தால் சொல்லிக்கொடுக்கும் முறையும் மாறியிருக்கும். ரிவர்ஸ் எப்படிச் சொல்லிக்கொடுக்கிறார்கள் என்று விவரமாக எழுது. சும்மாதான் கேட்கிறேன்.

யார்டில் எவ்வளவோ வேலை இருக்கிறது அக்கா. டயர் கணக்கு பார்க்க ஆள் வேண்டாமா? மாமாவுக்கு என் அன்பு.

உன் தம்பி


மார்ச் 12

தம்பிக்கு,

உடம்பெல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது. மனசுதான் கொதிக்கிறது. ரிவர்ஸ் பற்றிக் கேட்டாயே, கேட்டுக்கொள்.

ஸ்கூலுக்குப் பின்னால் ஒரு மைதானம். இந்தப் பக்கம் மூன்று கம்பம், அந்தப் பக்கம் மூன்று கம்பம். நடுவில் லாரியைப் பின்னால் எடுத்து நிறுத்த வேண்டும். லாரியின் பக்கக் கண்ணாடியில் விரல் அகலத்துக்கு ஒரு சிவப்பு டேப் ஒட்டியிருக்கிறது. மாஸ்டர் சொல்கிறார்: "டேப்பும் ரெண்டாவது கம்பமும் ஒண்ணாத் தெரியுதாக்கா? ஸ்டீரிங்கை வலப்பக்கம் முழுசா ஒடிங்க. மூணாவது கம்பம் டேப்பைத் தொட்டதும் நேராக்குங்க. அவ்வளவுதான்." சொன்னபடி செய்தேன். நூல் பிடித்த மாதிரி வண்டி உள்ளே போய் நின்றது. மாஸ்டர் கை தட்டினார். எனக்கும் தலைகால் புரியவில்லை. பன்னிரண்டு வருஷமாக எடை மேடையில் லாரிக்காரர்களைப் பார்த்துப் பொறாமைப்பட்டவள் அல்லவா?

மறுநாள் ஒரு சந்தேகம் வந்தது. இறங்கிப் போய் ஒரு கம்பத்தைப் பிடுங்கி இரண்டடி தள்ளி நட்டுவிட்டு ஏறினேன். டேப்பைப் பார்த்தேன், ஒடித்தேன். கம்பம் மேலேயே ஏற்றிவிட்டேன். திரும்பத் திரும்ப மூன்று தடவை. மாஸ்டர் ஓடி வந்து, "அதை ஏன்க்கா நகர்த்துறீங்க? டெஸ்ட்டுக்கு நம்ம வண்டி, நம்ம கிரவுண்டு, நம்ம கம்பம். ஆபீசரே இங்கதான் வருவார்" என்கிறார். "ரோட்டுல யாரு சார் கம்பம் நட்டு வெப்பாங்க?" என்று கேட்டேன். "ரோட்டுல போய்ப் பழகிக்குவீங்க. எல்லாரும் அப்படித்தான் பழகுறாங்க" என்றார். ரோட்டில் யார் மேல் ஏற்றிப் பழகுவது? டேப்பைப் பிய்த்து அவர் கையில் கொடுத்துவிட்டேன். அந்த மனுஷன் என் மேல் கோபப்படவே இல்லை. எச்சில் தொட்டு, விரலால் அளந்து, பழைய இடத்திலேயே ஒட்டினார். எனக்கு அதுதான் தாங்கவில்லை.

ஆபீஸ் அறையில் வருகைப் பதிவேட்டை நீட்டினார்கள். நான் போனது ஏழு வகுப்பு. முப்பதுக்கும் டிக் அடித்து வைத்திருக்கிறார்கள். கீழே கையெழுத்து மட்டும் நான் போட வேண்டுமாம். யோசித்துச் சொல்கிறேன் என்று வந்திருக்கிறேன்.

உன்னையும் இப்படித்தான் பாஸ் பண்ண வைத்தார்களா? நீ கெட்டிக்காரன், பிறகாவது ஒழுங்காகக் கற்றிருப்பாய். ஆனால் மற்றவர்கள்? டேப்பைப் பார்த்து லாரி ஓட்டுகிறவன் ஒரு டிரைவரா? அவனை நம்பி ஒரு மனுஷன் வண்டிக்குப் பின்னால் நிற்க முடியுமா? நீயே சொல்.

அக்கா


ஏப்ரல் 3

அன்புத் தம்பிக்கு,

மூன்று வாரம் ஆயிற்று, உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லையா? நேற்று சட்டத்தை மீறி உன் வீட்டுக்குப் போன் செய்தேன். உன் மனைவிதான் எடுத்தாள். "அவர் குளிக்கிறார் அண்ணி" என்றாள். ஒரு மணி நேரம் கழித்து மறுபடி செய்தேன். அப்போதும் குளித்துக்கொண்டிருந்தாய். கடலுக்குப் பக்கத்தில் இருப்பது சௌகரியம்தான்.

டெஸ்ட் இருபதாம் தேதி. மேனேஜர் தினமும், "லைசென்ஸ் என்னாச்சு?" என்று கேட்கிறார், அந்தச் சிரிப்போடு. என்னோடு சேர்ந்த நான்கு பேரும் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். பால் வேன் ஓட்டுகிற ஒருவன், "ஊரே அப்படித்தான் வாங்குது. நீங்க ஒருத்தர் மட்டும் என்ன தனிப் பிறவியா?" என்றான். மாமாவிடம் கேட்டேன். அவர் ஒரு சாவியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துக்கொண்டே, "உனக்கு எது தோணுதோ" என்றார். இந்த வீட்டில் எனக்குத் தோன்றாத நாளில் எல்லாம் என்னையே கேட்பார்கள்.

உண்மையைச் சொல்கிறேன். வேலை போய்விடுமே என்று பயமாக இருக்கிறது. பெண்ணுக்கு இன்னும் இரண்டு வருஷப் படிப்பு பாக்கி. அதனால் வருகிற வாரம் போய்க் கையெழுத்துப் போட்டுவிடலாம் என்று இருக்கிறேன். கூடாது என்றால் நீ ஒருவன்தான் சொல்ல முடியும். சொல்ல மாட்டாய். நீதானே அந்த ஸ்கூலைக் காட்டியவன்.

அன்புடன்,
அக்கா


ஏப்ரல் 12

அக்கா,

கையெழுத்துப் போடாதே.

வீட்டில் எல்லோரும் நன்றாக இருக்கிறார்கள். நானும் உடம்பால் நன்றாக இருக்கிறேன். உன் மார்ச் மாதக் கடிதத்தைப் படித்த பிறகு எழுத உட்கார்ந்து ஆறு தாள் கிழித்துவிட்டேன். இதையாவது தபாலில் போட்டுவிட வேண்டும்.

எனக்கும் டேப்தான். மூன்று வகுப்புப் போனேன், முப்பதுக்குக் கையெழுத்துப் போட்டேன். அதன் பிறகும் நான் கற்றுக்கொள்ளவில்லை. எந்த வண்டி கொடுத்தாலும் முதல் நாள் ஒரு காலி இடத்தில் டிரம்களை வைத்து, என் கண்ணாடிக்கு ஒரு டேப் அளந்து ஒட்டிக்கொள்வேன். பதினாலு வருஷம் அதை வைத்தே ஓட்டினேன். முன்னால் போவதில் என்னை யாரும் குறை சொல்ல முடியாது. பின்னால் எடுக்கும்போது மட்டும் எனக்கு டேப் வேண்டும்.

அக்டோபரில் புது டிரெய்லர் கொடுத்தார்கள். பழையதைவிட நீளம். டேப்பை ஒரு குத்துமதிப்பில் நகர்த்தி ஒட்டினேன். நவம்பர் பதினாறு, காலை பதினோரு மணி. சரக்கு இறக்கும் மேடைக்குப் பின்னால் எடுக்கிறேன். அங்கே பின்னால் நின்று வண்டிக்கு வழி சொல்கிறவரை விசில் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். நீளமாக ஊதினால் வரலாம், இரண்டு தடவை ஊதினால் நிறுத்த வேண்டும். இரண்டு தடவை ஊதினாராம். பக்கத்தில் கிரேன் ஓடிக்கொண்டிருந்தது, எனக்குக் கேட்கவில்லை. ஆனால் அவர் கண்ணாடியில் தெரிந்தார் அக்கா. பார்த்திருக்கலாம். நான் டேப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வலது கால், முழங்காலுக்குக் கீழே இல்லை.

வழி சொல்லும் ஆள் நிற்கக் கூடாத இடத்தில் நின்றார், ஓட்டுநர் முறையாகப் பயிற்சி பெற்றவர் என்று கம்பெனியில் அறிக்கை எழுதினார்கள். அந்த மஞ்சள் போர்டு சான்றைத்தான் அதோடு குத்தி வைத்திருக்கிறார்கள். என்னிடம் கையெழுத்துக் கேட்டார்கள், போட்டேன். தப்பு அவருடையது என்று சொல்லி அவரை வேலையிலிருந்து அனுப்பிவிட்டார்கள். அவர் தொழிலாளர் ஆபீஸில் மனுக் கொடுத்திருக்கிறார். விசாரணை முடியும்வரை நான் வண்டி ஓட்டக் கூடாது. டயர் எண்ணிக்கொண்டிருக்கிறேன்.

போனில் பேசினால் என் குரலே காட்டிக் கொடுத்துவிடும் என்றுதான் அந்தச் சட்டம் போட்டேன்.

தம்பி


ஏப்ரல் 19

தம்பி,

சுகம் விசாரிக்கிற நிலைமையில் நான் இல்லை.

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். முதல் தடவை அழுதேன். இரண்டாம் தடவை படித்துவிட்டு அந்த மஞ்சள் போர்டுக்குப் போய், ஆபீஸ் நிறைய ஆள் இருக்கும்போது, "உங்க டேப் ஒருத்தரோட காலை எடுத்துடுச்சு" என்று கத்திவிட்டு, பதிவேட்டில் என் பக்கத்தைக் குறுக்கே கோடு போட்டு அடித்துவிட்டு வந்தேன். மாஸ்டர், "யாரோ எங்கேயோ ஏத்தினதுக்கு நாங்க என்னக்கா பண்ண முடியும்?" என்றார். யாரோ! என் தம்பி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்த வெட்கத்தையும் உன் கணக்கில் எழுதிக்கொள்.

மூன்றாம் தடவை படித்தபோதுதான் உன் மேல் கோபம் வந்தது. நவம்பரில் ஒருவர் காலை எடுத்தவன், ஜனவரியில் சொந்த அக்காவை அதே ஸ்கூலுக்கு அனுப்பினாய். மரியாதையாகப் பேசுவார்களாம்! எந்த மனசோடு எழுதினாய்? என்னையும் உன்னைப் போல் ஆக்கிவிட்டால் உன் பாரம் குறையும் என்றா?

அதைக்கூட விடு, நான் உன் அக்கா, பொறுத்துக்கொள்வேன். கால் போன மனுஷன் மேல் தப்பைப் போட்டு எழுதிய தாளில் கையெழுத்துப் போட்டாயே, அதை எப்படிப் பொறுப்பது? அவர் எப்போதும் நிற்கிற இடத்தில்தானே நின்றார்? உனக்குத் தெரியும்தானே? விசாரணைக்குப் போய் வாயைத் திறந்து சொல்: மூன்று வகுப்புப் போனவன் நான், சான்று பொய், எனக்கு ரிவர்ஸ் எடுக்க வராது என்று. சொல்கிறவரை எனக்கு எழுதாதே.

நான் பைபாஸ் ஸ்கூலில் சேர்ந்துவிட்டேன். நாலு மாசம். ஜூன் வேலை எனக்கு இல்லை.

அக்கா


மே 11

அக்காவுக்கு,

எழுதாதே என்றாய். எழுதுகிறேன்.

நீ சொல்வது சுலபம். சொன்னால் லைசென்ஸ் போகும், வேலை போகும், வழக்கும் வரலாம். என் பிள்ளைகள் இரண்டையும் பள்ளிக்கூடத்தில் என்ன கேட்பார்கள் தெரியுமா? எல்லாம் சொல்லி முடித்தால் அவருக்குக் கால் முளைக்குமா? தினமும் எனக்குள்ளேயே செத்துக்கொண்டிருக்கிறேன், அது போதாதா?

நியாயம் பேசுகிறாயே, பன்னிரண்டு வருஷமாக எடை மேடையில் நீ எழுதியதெல்லாம் உண்மையான எடையா? அளவுக்கு மேல் கல் ஏற்றிய லாரிக்கு மேனேஜர் சொன்ன எண்ணை எழுதியதாக நீதான் ஒருநாள் சிரித்துக்கொண்டே சொன்னாய். அந்த லாரி பாரம் தாங்காமல் எங்காவது யார் மேலாவது போயிருந்தால் நீ எந்த விசாரணைக்குப் போயிருப்பாய்?

மாமாவையும் பெண்ணையும் விசாரித்ததாகச் சொல்.

தம்பி


ஜூன் 21

தம்பிக்கு,

மாமாவும் பெண்ணும் சுகம். நீ கேட்டதுக்குப் பதில் சொல்ல எனக்கு ஆறு வாரம் ஆயிற்று. நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டுவிட்டாய். படித்த அன்று கடிதத்தைக் கிழிக்கப் போனேன். மாமாதான் கையைப் பிடித்து, "அவன் கேட்டது சரிதானே?" என்றார். கல்யாணம் ஆன நாளிலிருந்து அவர் இவ்வளவு தெளிவாக ஒரு வாக்கியம் பேசி நான் கேட்டதில்லை.

ஆமாம், எழுதினேன். மேனேஜர் சொன்ன எண்ணைத்தான் எழுதினேன். அவர் சொன்னார், நான் எழுதினேன், எனக்கு இதில் என்ன என்று இருந்துவிட்டேன்.

போன வாரம் குவாரிக்கு மூன்று லாரியும் வந்துவிட்டன. ஒன்றுக்கு டிரைவர், மஞ்சள் போர்டில் என்னோடு சேர்ந்த அந்தப் பால் வேன்காரன். சாவி வாங்கியதும் அவன் செய்த முதல் வேலை என்ன தெரியுமா? கண்ணாடியில் சிவப்பு டேப் ஒட்டியதுதான். அளவுக்கு மேல் கல் ஏற்றிக்கொண்டு என் மேடைக்கு வந்து நிற்கிறான். மேனேஜர் வழக்கம்போல எண்ணைச் சொல்கிறார். மேடையின் முள் காட்டிய எண்ணை எழுதினேன். "என்னம்மா, கண்ணு தெரியலையா?" என்றார். "இப்பத்தான் சார் தெரியுது" என்றேன். ஆகஸ்ட் வரை காத்திருக்க வேண்டியதில்லை என்று அன்று சாயங்காலமே அனுப்பிவிட்டார். பயத்தில் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. ஆகவே நான் சொல்வது சுலபம் என்று இனி எழுதாதே.

பைபாஸ்காரியின் ஸ்கூலில் முதல் மூன்று வாரம் வண்டியையே நகர்த்தவில்லை. என்னை ஓட்டுகிற சீட்டில் உட்கார வைத்துவிட்டு, அவள் கீழே இறங்கி லாரியைச் சுற்றி நடப்பாள். "தெரியுறேனா?" என்று கேட்பாள். தெரியுது என்பேன். "இப்போ?" தெரியலை. "இப்போ?" தெரியலை. வண்டிக்குப் பின்னால் வந்து நின்றுகொண்டு, "இங்க நிக்கிற ஆளு உங்களுக்குத் தெரியவே மாட்டான். தெரியாட்டி என்ன பண்ணுவீங்க?" என்றாள். மெதுவாப் போவேன் என்றேன். "நிறுத்திட்டு எறங்கிப் பாப்பீங்க. எத்தனை பேர் ஹார்ன் அடிச்சாலும் எறங்கிப் பாப்பீங்க" என்றாள். அதற்குத்தான் நாலு மாசம். தம்பி, உனக்கு அவர் தெரிந்தார். அதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை.

கால் முளைக்காது. ஆனால் தப்பு செய்தவர் அவரே என்று எழுதிய தாள் இருக்கிறதே, அது உன் கையெழுத்தில் நிற்கிறது. அதை நீ எடுக்க முடியும்.

அக்கா


ஜூலை 15

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லோரும் சுகம் என்று எழுதக் கை வரவில்லை. ஆனால் நேற்று இராத்திரி எட்டு மாதத்துக்குப் பிறகு நான் நன்றாகத் தூங்கியதாக என் மனைவி சொல்கிறாள்.

நேற்று விசாரணைக்குப் போனேன். சொல்லிவிட்டேன். மூன்று வகுப்பு, முப்பதுக்குப் போட்ட கையெழுத்து, டேப், எல்லாம். விசாரணை அதிகாரி சான்றைத் தூக்கிக் காட்டி, "இதுல முப்பதுன்னு இருக்கே. பதினாலு வருஷம் ஓட்டியிருக்கீங்க. ரிவர்ஸ் வராதுன்னா யார் நம்புவாங்க?" என்றார். கம்பெனி வக்கீல், "விசில்கிட்ட என்ன வாங்கிட்டுப் பேசுறே?" என்றார். எனக்கு அப்போது வந்தது கோபம். பொய் சொன்னபோது ஒருவரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. உண்மையைச் சொன்னால் என்ன வாங்கினாய் என்கிறார்கள்.

"சார், யார்டுக்கு வாங்க. டேப் இல்லாத வண்டி குடுங்க, எடுத்துக் காட்டுறேன்" என்றேன். எல்லோரும் வந்தார்கள். அதிகாரி, வக்கீல், மேலாளர், கூட வேலை செய்கிற டிரைவர்கள் முப்பது பேர். விசிலும் ஊன்றுகோலோடு வந்தார். பின்னால் ஒருவரும் நிற்கக் கூடாது என்று கத்திச் சொல்லிவிட்டு, காலி டிரம்களை இரண்டு வரிசையாக அடுக்க வைத்துவிட்டு ஏறினேன்.

வேண்டுமென்றே இடிக்கிறேன் என்று நினைத்துவிடுவார்களோ என்று, அக்கா, என்னால் முடிந்த அளவு நன்றாக எடுக்கப் பார்த்தேன். சத்தியமாக. வேர்வையில் ஸ்டீரிங் வழுக்கியது. முதல் தடவை ஒரு டிரம் நசுங்கியது. இரண்டாம் தடவை மூன்று. மூன்றாம் தடவை வரிசையே போய்விட்டது. யாரும் சிரிக்கவில்லை. என்னிடம் வேலை பழகிய டிரைவர்கள் இரண்டு பேர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அதிகாரி போதும் என்று கை காட்டினார்.

பழைய அறிக்கையைத் தள்ளிவிட்டார்கள். தப்பு விசிலுடையது அல்ல என்று புதிதாக எழுதினார்கள், என் கையெழுத்தோடு. லைசென்ஸை அங்கேயே வாங்கிக்கொண்டார்கள். இனி வழக்கு வரும், வரட்டும்.

வெளியே வந்தபோது விசில் கேட்டருகில் நின்றிருந்தார். காலில் விழலாம் என்று போனேன். அவர் ஊன்றுகோலை எனக்கும் அவருக்கும் நடுவில் ஊன்றினார். மன்னிப்பார் என்றோ, நன்றி சொல்வார் என்றோ எனக்கு ஒரு நினைப்பு இருந்திருக்கிறது, அப்போதுதான் தெரிந்தது.

"இதச் சொல்ல உனக்கு எட்டு மாசமா?" என்றார். போய்விட்டார்.

அதற்கு என்ன பதில் சொல்வது என்று உன்னிடம் கேட்கலாம் என்றுதான் எழுத உட்கார்ந்தேன். எழுதி முடித்துவிட்டேன் அக்கா. இதற்கு நீ பதில் போட வேண்டாம்.

மாமாவுக்கும் பெண்ணுக்கும் என் அன்பு.

உன் தம்பி